ராக்காயியை அனுப்பும் நேரம்

பொகவந்தலாவை
6 மார்ச் 1961

செரீபா,

கல்யாணமாகி நுவரெலியாவுக்குப் போனவள் இத்தனை மாதமாக நாலு வரி போடவில்லையே என்று சண்டை பிடிக்கத்தான் தாளை எடுத்தேன். சண்டை பிறகு. நம் கதையைக் கொழும்பு வார இதழ் ஏற்றுக்கொண்டுவிட்டது! பள்ளிக்கூடத்துப் பின் பெஞ்சில் நீயும் நானும் சேர்ந்து உண்டாக்கினோமே ராக்காயி, அந்தத் தேயிலைக் கொழுந்துக்காரி சித்திரையிலிருந்து வாரா வாரம் தொடர்கதையாக வரப்போகிறாள். எழுதியவர் பெயர் 'தோழியர் இருவர்' என்றே இருக்கட்டும் என்கிறார் ஆசிரியர். நிபந்தனை ஒன்றுதான். ஒரு வாரம்கூடத் தவறக்கூடாது. தவறினால் அத்தோடு நிறுத்திவிடுவாராம்.

ஆகவே முன்போல மனம் வந்தால் எழுதுவது, வராவிட்டால் மழையைப் பார்த்துக்கொண்டிருப்பது என்று இருக்க முடியாது. ஓர் அத்தியாயம் நான், அடுத்தது நீ. நான் ஓர் ஒழுங்கு போட்டுக்கொண்டுவிட்டேன். எங்கள் தோட்டப் பள்ளிக்கூடம் மத்தியானம் விடுகிறது. பிள்ளைகள் போனதும் உள்ளே கொண்டியைப் போட்டுவிடுகிறேன். அந்திக் கொழுந்து நிறுக்கும் வரை அந்த அறை என்னுடையது. தலைமை வாத்தியார் சிவசாமி முதலில் முறைத்தார். "என்னா டீச்சர், சொந்த வீடாட்டம் பூட்டிக்கிறீங்க?" என்றார். இதழில் வரப்போகிறது என்று சொன்னதும் சாவியையே கொடுத்துவிட்டார். எழுத வருகிறதோ இல்லையோ, உட்கார்ந்தே இருக்க வேண்டும் என்பது என் சட்டம். முதல் பக்கம் மண்ணாக இருக்கும். அதைத் தாண்டிவிட்டால் ராக்காயி தானாக வந்து நிற்பாள்.

நீயும் ஒரு வேளையைப் பிடித்துக்கொள். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே.

நாகலெட்சுமி


நுவரெலியா
19 மார்ச் 1961

அன்புள்ள நாகு,

உன் கடிதத்தைச் சமையலறையில் நின்று படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். மாமி றுக்கையா திரும்பிப் பார்த்தார். "என்ன மகள், ஊருல ஏதும் விசேசமா?" என்றார். ஆமாம் என்றேன்.

கொண்டி போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். இந்த வீட்டில் நான் கொண்டி போடக்கூடிய கதவு எது என்று நேற்று முழுக்க யோசித்தேன். கீழே கடை. மேலே மாமனார், மாமி, இவர், இவருடைய தம்பிமார், கடைக்கு வந்து போகும் உறவுக்காரர்கள். யாருக்காவது எப்போதும் தேத்தண்ணி தேவைப்படுகிறது. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்காதே என்கிறாய். இங்கே எனக்குப் பெயர் இருப்பதே கூப்பிடுவதற்குத்தான்.

ஆனாலும் ஒரு வேளை கிடைத்தது. சுபஹுத் தொழுகை முடிந்ததும் எல்லோரும் மறுபடி போர்வைக்குள் போய்விடுகிறார்கள். இந்த ஊர்க் குளிர் அப்படி. அடுப்பை மூட்டுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் எழுந்துவிடுகிறேன். தண்ணீர் கொதிக்கும் வரை, பிறகு அது கொதித்துக் கொதித்துப் பாதியாகும் வரை, பலகையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாமான் சுற்றும் தாளில்தான். இவர் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிட்டார். "சாமான் சுத்துற தாளிலயா எழுதுறீங்க? எனக்கிட்டச் சொல்லப்படாதா?" என்று கேட்டார். அன்று பின்னேரமே கோடு போட்ட நல்ல தாள் கொண்டுவந்து வைத்தார். மர்சூக் என்ற மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அத்தியாயம் இத்துடன் வருகிறது. ஒன்று சொல்ல வேண்டும். உன்னைக் கேட்காமல் ராக்காயியைப் பிள்ளைத்தாச்சி ஆக்கிவிட்டேன். கோபிக்காதே. அவள் அப்படித்தான் வந்து நின்றாள்.

செரீபா


பொகவந்தலாவை
14 மே 1961

செரீபா,

இங்கே நம் கதைக்கு வந்திருக்கிற மவுசைப் பார்க்க நீ இல்லையே. ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்து வீடுகளின் வாசலில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் தலை சீவிக்கொண்டும் அரிசி புடைத்துக்கொண்டும் கேட்கிறார்கள். எழுதுவது நான் என்பது எப்படியோ வெளியே வந்துவிட்டது. பக்கத்துக் காம்பரா வீரம்மா என்னை வழியில் மறித்து, "அந்தக் கங்காணிப் பயல ராக்காயி சும்மா விடுவாளா டீச்சர்? சொல்லிப்புட்டுப் போங்க" என்கிறாள்.

இனிச் சண்டை. உன் போன அத்தியாயம் ஒரு மூச்சில் முடிந்துவிட்டது. அதற்கு முந்தியது பிந்தி வந்தது. நான் பஸ் கண்டக்டர் காலில் விழாத குறையாக அதைக் கொடுத்து ஹட்டனில் தபாலில் சேர்க்கச் சொன்னேன். 'அசதியாக இருக்கிறது, உட்கார்ந்தால் தூக்கம் வருகிறது' என்று ஓரத்தில் எழுதியிருக்கிறாய். அசதி யாருக்கு இல்லை? விடியும் முன் தப்புப் பறை அடித்ததும் பெரட்டுக்களத்தில் போய்ப் பெயர் கொடுக்காவிட்டால் என் அம்மாவுக்கு அன்றைய சம்பளம் இல்லை. அசதி என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்? எழுத்தும் ஒரு பெரட்டுதான் செரீபா. போய் நிற்க வேண்டும்.

இன்னொன்று. கங்காணியின் அநியாயத்தை எதிர்த்து ராக்காயி எல்லோரையும் திரட்டுவாள் என்பதுதான் நாம் பேசிக்கொண்ட கதை. நீ அவளை வயிற்றைத் தடவிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார வைத்திருக்கிறாய். அவளுக்கு அதற்கெல்லாம் ஏது பொழுது? லயத்துக் காம்பராவில் ஜன்னல்தான் ஏது? நான் அடித்துத் திருத்தி அனுப்பினேன்.

நாகலெட்சுமி


நுவரெலியா
4 ஜூன் 1961

நாகு,

ஜன்னல் என் தப்புத்தான். அவள் உட்கார்ந்திருந்தது என்னுடைய ஜன்னலில். எனக்கு இது ஏழாம் மாதம்.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். கல்யாணமான புதிதில் ஒன்று நிற்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை வயிறே சொல்லும் வரை வாயால் சொல்ல வேண்டாம் என்று மாமி தடுத்துவிட்டார். உனக்கு எழுதக் கை வந்தது. ஆனால் எழுதினால் நடுவில் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன்.

அடுப்படியிலும் இப்போது முடியவில்லை. கால் வீங்குகிறது. பலகையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். போன வாரம் எழுதியபடியே தூங்கிவிட்டேன். தண்ணீர் வற்றிக் கேத்தல் கருகிவிட்டது. மாமி புகை மணத்துக்கு ஓடி வந்தார். கேத்தலைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. "வயித்துப் புள்ளயோட நெருப்புக்கிட்டக்கத் தூங்குறதா மகள்? பொறந்த பொறகு எழுதுங்க. எழுத்து எங்கயும் ஓடாது" என்றார்.

எழுத்து ஓடாது. இதழ் ஓடிவிடுமே. ஆசிரியரிடம் கொஞ்ச காலம் தவணை கேட்டுப் பார். தராவிட்டால் என் முறையையும் நீயே எழுது. ஒன்றை மட்டும் கேட்கிறேன். ராக்காயியின் பிரசவத்தை எனக்கு விட்டுவை. அந்தக் குழந்தையில் நீ கை வைக்காதே. விளையாட்டாக நினைத்துவிடாதே. காலையில் அவளுக்குக் கொஞ்சம் எழுதினால் அன்று முழுக்க என் பிள்ளை நன்றாக அசைகிறான் என்று எனக்கு ஓர் எண்ணம். பைத்தியம் என்று நீ சொல்வாய். சொல்லிக்கொள்.

செரீபா


பொகவந்தலாவை
16 ஜூலை 1961

செரீபா,

நல்ல சேதி. உடம்பைப் பார்த்துக்கொள். அம்மா உனக்கென்று பேறுகால மருந்து பொட்டலம் கட்டி வைத்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஆள் வந்தால் கொடுத்தனுப்புகிறேன்.

ஆசிரியர் தவணை தரவில்லை. அடுத்த தொடர்கதை காத்து நிற்கிறதாம். ஆகவே உன் முறையும் என் தலையில். இங்கே விடாத மழை. பள்ளிக்கூடத் தகரத்தில் விழுகிற சத்தத்தில் உலகமே காதில் விழுவதில்லை, எழுதுவதற்கு அதுவும் நல்லதுதான். போன வாரம் நல்ல வேகத்தில் இருந்தபோது அம்மா வந்து கதவைத் தட்டினாள். மழைக்கு மலை வேலையை நிறுத்திவிட்டார்கள் போலிருக்கிறது. எங்கள் லயத்துக் காம்பராச் சாவி என்னிடம். "நாகு, மேலெல்லாம் நனஞ்சிருச்சு, சாவியக் குடு" என்றாள். அந்தப் பக்கத்தை முடித்துவிட்டுக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். முடித்துவிட்டுத் திறந்தபோது அவள் அங்கே இல்லை. வீரம்மாவின் காம்பராவில், வீரம்மாவின் சேலையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இப்போது இருமுகிறாள். ஒரு தரம் விட்டுக்கொடுத்தால் பிறகு எல்லோரும் தட்டுவார்கள், செரீபா. நான் செய்தது தப்பா? நீயே சொல்.

பிரசவத்தை உனக்காக வைத்திருக்க முடியவில்லை. கதை அங்கே வந்துவிட்டது. ராக்காயிக்கு ஆண் பிள்ளை. போராட்டம் நெருங்குகிறது. பிள்ளைக்காம்பராவில் ஆயாவிடம் விட்டுவிட்டுப் போனாலும் பால் கொடுக்க வேளைக்கு ஓடி வர வேண்டும். அப்படிப்பட்டவள் எப்படி எல்லோருக்கும் முன்னால் நிற்பாள்? அதுதான் சிக்கல். ஏதாவது வழி பார்க்கிறேன்.

நாகலெட்சுமி


நுவரெலியா
20 ஆகஸ்ட் 1961

நாகலெட்சுமிக்கு,

எனக்கு ஆண் பிள்ளை பிறந்தது. ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைப்பதற்கு எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. அதற்கு முன்னே மவுத்தாகிவிட்டான். சளி என்றார்கள். குளிர் என்றார்கள்.

அடக்கம் முடிந்த வாரம் இவர் டவுனிலிருந்து இதழை வாங்கிக்கொண்டு மேலே வந்தார். நான் படுத்துக் கிடந்தேன். "இந்தாங்க, உங்கட கதை வந்தீக்கி. கொஞ்சம் எழும்பிப் பாருங்களே" என்று கையில் வைத்தார். அவர் படித்திருக்கவில்லை. படம் போட்டிருந்தார்கள், ஒரு பெண் தலையில் கை வைத்துக்கொண்டு. பிள்ளைக்காம்பராவில் காய்ச்சல் கண்டு ராக்காயியின் பிள்ளை செத்துப்போகிறது. இரண்டு வரியில் புதைத்துவிட்டாய். அடுத்த பத்தியில் அவள் பெரட்டுக்களத்தில் கங்காணிக்கு முன்னால் நிற்கிறாள்.

கை வைக்காதே என்று கேட்டிருந்தேன்.

இனி எனக்கு எழுதாதே.

செரீபா


பொகவந்தலாவை
10 செப்டம்பர் 1961

செரீபா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போட்டாலும் சரி.

எனக்குத் தெரியாது. நான் அந்த அத்தியாயத்தைத் தபாலில் போட்டபோது உன் பிள்ளை பிறக்கவே இல்லை. இதை எத்தனை தரம் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் நீ கேட்டுக்கொண்டது தெரியும். மறுநாள் தபால் போக வேண்டும், பிள்ளை இருந்தால் கதை நகரவில்லை, எடுத்துவிட்டேன். இதைவிட நல்ல காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் நுவரெலியாவுக்கு வந்தது உனக்குத் தெரியும். உன் மாமி என்னை உட்கார வைத்துத் தேத்தண்ணி கொடுத்தார். "அவ தூங்குறா மகள்" என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் நீ இருமியது கேட்டது. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

ஆசிரியருக்கு எழுதினேன். பிள்ளை செத்தது ராக்காயி கண்ட கனவு என்று அடுத்த வாரம் போடலாமா என்று கேட்டேன். வாசகர்கள் சிரிப்பார்கள் என்று பதில் வந்தது. அதன் பிறகு நான் எதுவும் அனுப்பவில்லை. 'தவிர்க்க முடியாத காரணத்தால்' என்று மூலையில் ஒரு கட்டம் போட்டுத் தொடர்கதையை நிறுத்திவிட்டார்கள். வீரம்மா வழியில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "பச்சப் புள்ளயக் கொன்னுப்புட்டீங்களே டீச்சர்" என்று ஒரே ஒரு நாள் கேட்டாள்.

அம்மாவின் இருமல் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து இப்போதுதான் கூட்டிவந்தேன். இனி மலை வேலைக்கு ஆகாது என்கிறார்கள்.

மத்தியானம் இன்னமும் பள்ளிக்கூடத்தில் உட்காருகிறேன். உட்கார்ந்தால் வரும் என்று உனக்குப் பாடம் நடத்தினேன் அல்லவா? வேளை இருக்கிறது, தாள் இருக்கிறது, நான் இருக்கிறேன். ராக்காயி வருவதில்லை.

நாகலெட்சுமி


நுவரெலியா
11 மார்ச் 1962

நாகு,

உன்னை மன்னித்துவிட்டு இதை எழுதவில்லை. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். ராக்காயியைத் தெரிந்தவள் நீ ஒருத்திதான்.

பிள்ளையைக் கொண்டுபோன பிறகு எனக்குப் பால் கட்டியது. குடிக்க ஆள் இல்லை என்று உடம்புக்குத் தெரிவதில்லை. பக்கத்து வீட்டில் எந்தப் பிள்ளை அழுதாலும் சட்டை நனைந்துவிடும். மல்லிகைப் பூ வைத்துக் கட்டினால் வற்றும் என்பார்கள். இந்தக் குளிரில் மல்லிகை ஏது? மாமி கம்பளையிலிருக்கும் தங்கச்சிக்குச் சொல்லியனுப்பிப் பூ வரவழைத்தார். வாழை இலையில் சுற்றி ரயிலில் வரும். வரும்போதே வாடியிருக்கும். அதை வைத்துக் கட்டிவிட்டு என் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒருநாள் மட்டும், "எனக்கும் ரெண்டு போச்சி. மர்சூக்குக்கு முந்தி" என்றார். நான் வாயைத் திறக்கும் முன் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

இவர் வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் மையவாடிக்கு, அவனை அடக்கிய இடத்துக்குப் போய்விட்டு வருகிறார். செருப்பில் மண் ஒட்டியிருக்கும். எங்கள் பக்கத்தில் பெண்கள் அங்கே போகும் வழக்கம் இல்லை. இடம் எப்படி இருக்கிறது என்று ஒருநாள் கேட்டேன். "புல்லு வந்தீக்கி" என்றார். பிறகு, "பைஸர்னு பேர் வெச்சித்தான் அடக்கினோம். உங்களுக்கிட்டச் சொல்லல்ல" என்றார். கடைக்கு இறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் சுபஹு முடிந்து படுக்கப் பிடிக்காமல் அடுப்படிக்குப் போனேன். மாமி எனக்கு முன்னே அங்கே இருந்தார். என்னைப் பார்த்ததும் பலகையைக் காலால் என் பக்கம் தள்ளினார். "அடுப்ப நான் பாக்குறன். நீங்க உங்கட வேலயப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து அதுதான் என் வேளை. அவர் ரொட்டி தட்டுகிறார். நான் எழுதுகிறேன்.

என்ன எழுதுகிறேன் தெரியுமா? ராக்காயியை அவள் பிள்ளையின் குழிக்கு அனுப்புகிறேன். தேயிலைக்கு மேலே, சவுக்கு மரங்களுக்கு நடுவில் நீ புதைத்தாயே, அங்கே. அவளைத் தடுக்க யாருமில்லை. பெரட்டுக்கு முன்னால் ஏறிப்போகிறாள். ஒருநாள் சருகை ஒதுக்குகிறாள். ஒருநாள் சும்மா நிற்கிறாள். ஒருநாள் வழுக்கி விழுந்துவிட்டாள். நேரமாகிவிட்டது, கங்காணி ஏசுவான் என்று பாதியிலேயே திரும்பிவிட்டாள். அன்று முழுக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நான் போக முடியாத இடத்துக்கு அவள் போகிறாள், நாகு. காலையில் அவளை அனுப்பிவிட்டால் அன்றைய சோற்றை என்னால் ஆக்க முடிகிறது.

நீ அவளை மறுநாளே பெரட்டில் நிறுத்தினாய். அது பொய்யில்லை. லயத்தில் மறுநாள் போகத்தான் வேண்டும். ஆனால் அதற்கு முன் அவள் எங்கே போய்விட்டு வந்தாள் என்று நீ பார்க்கவில்லை.

கொஞ்சம் பிரதி எடுத்து அனுப்பியிருக்கிறேன். உன் மேல் கோபம் இல்லை என்று சொல்லமாட்டேன். இருக்கிறது.

செரீபா


பொகவந்தலாவை
22 ஏப்ரல் 1962

செரீபா,

படித்தேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் இத்தனை நாள் போய்விட்டது.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். படுத்தபடியே கேட்டாள். முடிந்ததும், "அவ சட்டைய நனச்சிக்கிட்டு கொழுந்து நெரையில நிக்கிறது வருமா?" என்று கேட்டாள். வரவில்லை என்றேன். "அதப் பாத்துத்தான் கங்காணி சிரிப்பான்" என்றாள். எனக்கு முன்னே ஒன்று பிறந்து போய்விட்டது என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் அப்படித்தான். போர்வையை இழுத்துவிட்டேன். அந்தக் கங்காணி சிரிப்பையும் நீ எழுதலாமா என்று மட்டும் அவளிடம் கேட்டேன். "எழுதட்டும். எம் பேரப் போடச் சொல்லியா கேக்குறேன்?" என்றாள்.

நான் எழுதுவதை விட்டுவிட்டேன். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டதும் வந்து அவளுக்குக் கஞ்சி வைக்கிறேன். சாவியைச் சிவசாமி வாத்தியாரிடம் திருப்பிக் கொடுத்தாயிற்று.

நீ விடாதே. இதைப் புத்தகமாகப் போட வேண்டும். ஹட்டனில் ஓர் அச்சகக்காரரிடம் பேசியிருக்கிறேன். நான் எழுதியது ஒரு வரியும் வேண்டாம். உன் பெயர் மட்டும் போதும். ஒரு முடிவு எழுதிவிடு. ராக்காயி ஒருநாள் காலையில் குழிக்குப் போகாமல் நேரே வேலைக்குப் போய்விட்டாள் என்று முடித்தால் படிக்கிறவர்களுக்கும் மனம் ஆறும்.

நாகு


நுவரெலியா
13 மே 1962

நாகு,

இன்னமும் எனக்கு முடிவு சொல்லித்தருகிறாய். சிரிப்பு வந்தது. சிரிப்பு வருகிறதே என்று பயமாகவும் இருந்தது.

உன் அம்மா சொன்னதை எழுதினேன். கங்காணி சிரித்ததை எழுத எனக்கு ஒரு வாரம் ஆயிற்று. அம்மாவுக்கு என் சலாத்தைச் சொல். கஞ்சியோடு கொஞ்சம் இஞ்சி தட்டிப் போடு.

புத்தகம் வேண்டாம். புத்தகம் என்றால் ஓர் இடத்தில் முடிய வேண்டும். முடிந்துவிட்டால் மறுநாள் காலையில் நான் யாரை அனுப்புவேன்?

ஆனால் அதற்கே இப்போது ஒரு தடை வந்திருக்கிறது. எனக்கு மறுபடி நாள் தள்ளியிருக்கிறது. இவருக்குத் தெரியாது. மாமியிடமும் சொல்லவில்லை. பலகையிலிருந்து நான் எழுந்திருப்பதைப் பார்த்தே அவர் கண்டுபிடித்திருப்பார். நேற்று எனக்கு மட்டும் பால் காய்ச்சி வைத்தார். வயிற்றில் இருக்கும்போது மையவாடியை நினைக்கவும் கூடாது என்பது அவர் எண்ணம். எனக்கும் அந்தப் பயம் இருக்கிறது. வயிற்றில் இருப்பதை வைத்துக்கொண்டு தினமும் ஒருத்தியைக் குழிக்கு அனுப்பலாமா? நிறுத்திவிடுவது என்று தீர்மானித்தேன். தீர்மானித்த மறுநிமிடம், அப்படியானால் அங்கே இருக்கிறவனை யார் போய்ப் பார்ப்பார்கள் என்று வந்தது.

இன்று காலையில் அவளைப் புறப்பட வைத்தேன். நல்ல பனி. பாதி மலை ஏறிவிட்டாள். அதற்கு மேல் அவளை அனுப்பவும் முடியவில்லை, திரும்பக் கூப்பிடவும் முடியவில்லை. கீழே கடைக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ தேத்தண்ணிக்குக் கூப்பிட்டார்கள். தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவள் அங்கேயே நிற்கிறாள்.

செரீபா